யந்திரக் காரியஸ்தர்

தஞ்சாவூர் ஜில்லாவின் பெரிய மிராசுதார் வீடுகளில் முற்காலத்தில் காரியஸ்தர் என்று ஒருவர் இருப்பது வழக்கம். குத்தகை நெல்லை வசூல் செய்வது, கிஸ்தி கட்டுவது, கோர்ட்டுக்கு நடையாய் நடப்பது, கல்யாணத்திற்குப் பந்தல்காரனையும் மேளக்காரரையும் அமர்த்துவது எல்லாம் அவர் கையால் நடக்கும். நல்ல காரியஸ்தர் வாய்த்து, அவர் எழுதிய கணக்கை இரவில் ஒரு நாழிகை உட்கார்ந்து பார்க்கும் எஜமானரும் வாய்த்த குடும்பங்கள் தழைத்தன. ஊஞ்சலில் சாய்ந்தபடியே, நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த எஜமானர்களின் கதை வேறு விதமாக முடிந்தது. அந்தக் காரியஸ்தர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் என்று சொல்வதற்கில்லை. யோக்கியரான மனிதரும் கேட்பாரில்லாத இடத்தில் தவறு செய்வார். அந்தத் தவறு திருத்துவாரில்லாமல் வளரும்.

இப்பொழுது அதே உத்தியோகத்திற்கு ஒரு புதிய ஆசாமி மனுப் போட்டுக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவருக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை, தீபாவளி இனாம் கிடையாது. மாதச் சந்தா மட்டும் கேட்கிறார். சில சமயங்களில் அதையும் கேட்பதில்லை. ஏ. ஐ. ஏஜெண்டு என்பது அவருடைய நாமதேயம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு காரியம் செய்யும் யந்திரம் என்பது இதன் பொருள். ஏஜெண்டு என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரான பழைய தமிழ் வழக்கு காரியஸ்தர் என்பதுதான்.

இந்த ஆசாமியை வீட்டிற்குள் விடலாமா? விட்டால் எந்தச் சாவியை அவரிடம் கொடுக்கலாம், எதை நம் மடியிலேயே முடிந்துகொள்ள வேண்டும்? இவற்றை நேயர்களுடன் சேர்ந்து ஆராய்வதே நமது நோக்கம்.

வாய்ச் சொல்லும் கைக் காரியமும்

சாட்ஜிபிடி முதலிய யந்திரங்களோடு பேசிப் பார்த்தவர்கள் நேயர்களில் பலர் இருப்பீர்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லும். கடிதம் எழுதித் தரச் சொன்னால் எழுதித் தரும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. பதிலை வைத்துக்கொண்டு காரியம் செய்ய வேண்டியவர் நாம்.

வைகுண்ட ஏகாதசிக்குக் குடும்பத்தில் நால்வர் ஸ்ரீரங்கம் போக விரும்புவதாக வைத்துக்கொள்வோம். பேசும் யந்திரத்தைக் கேட்டால், "இன்ன இன்ன ரயில்கள் உண்டு, கூட்டம் அதிகமாயிருக்கும், முன்னதாகவே இடம் பதிவு செய்து கொள்ளுங்கள்" என்று உபதேசம் செய்யும். ஏஜெண்டிடம் அதே விஷயத்தை ஒப்படைத்தால் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. முதலில் நாட்காட்டியைப் புரட்டிப் பண்டிகை எந்தத் தேதியில் வருகிறது என்று பார்க்கும். நம்முடைய லீவு நாட்களோடு அதை ஒப்பிடும். ரயில்வேயின் இணையதளத்தைத் திறந்து எந்த வண்டியில் நான்கு இடம் காலியிருக்கிறது என்று தேடும். ஒரு வண்டியில் இல்லையென்றால் அடுத்ததைப் பார்க்கும். சத்திரங்களையும் விடுதிகளையும் வாடகை வரிசையில் எழுதும். கடைசியில் ஓர் அட்டவணையை நம்முன் வைத்து, "இரண்டாவது யோசனைப்படி டிக்கெட் எடுத்துவிடட்டுமா?" என்று கேட்கும்.

ஆகவே ஏஜெண்டு என்பதை இப்படி வரையறுக்கலாம்: நோக்கத்தை மட்டும் சொல்லி ஒப்படைத்தால், அதற்கு வேண்டிய படிகளைத் தானே வகுத்துக்கொண்டு, கருவிகளைத் தானே எடுத்து உபயோகித்து, ஒவ்வொரு படியிலும் கிடைத்த பலனைப் பார்த்து அடுத்த படியைத் தீர்மானிக்கும் யந்திரம்.

எழுபது வருஷத்துக் கதை

இது திடீரென்று வானத்திலிருந்து குதித்த விந்தையன்று. 1955-ம் வருஷத்தில் ஜான் மெக்கார்த்தி முதலிய நால்வர் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவு என்று இன்று நாம் வழங்கும் பெயருக்கு மூலமான ஆங்கிலச் சொற்றொடர் அந்தத் திட்டத்தில்தான் பிறந்தது. அடுத்த வருஷம் கோடையில் டார்ட்மத் கல்லூரியில் நிபுணர்கள் கூடி அதைப்பற்றி விவாதித்தனர்.

1966-ல் ஜோசப் வைசென்பாம் என்ற பேராசிரியர், எம். ஐ. டி. கலாசாலையில் தாம் செய்த 'எலிஸா' என்னும் பேசும் யந்திரத்தைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதற்கு அறிவு ஒன்றும் கிடையாது. "எனக்கு மனசு சரியில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்தையே திருப்பி, "ஏன் மனசு சரியில்லை?" என்பதுபோல் கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. ஆனால் அதை அவர் செய்து கொண்டிருந்ததைப் பல மாதங்களாகப் பார்த்து வந்த அவருடைய காரியதரிசியே, அதனுடன் சிறிது நேரம் பேசியபின், தாம் தனியாகப் பேச வேண்டுமென்று பேராசிரியரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்! நல்ல வார்த்தை பேசும் எதனிடமும் மனிதர் மனம் இளகிவிடும் என்பதற்கு இது சாட்சி. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் இது நமக்கு உதவும்.

2017-ல் கூகிள் ஸ்தாபனத்தைச் சேர்ந்த எட்டு ஆராய்ச்சியாளர்கள், பாஷையை யந்திரம் கற்கும் முறையில் ஒரு பெரிய மாறுதலை வெளியிட்டார்கள். அந்த எண்மரில் ஆஷிஷ் வாஸ்வானி, நிகி பார்மர் ஆகிய இருவரும் இந்தியாவில் கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அந்த முறையின் வழியில் வந்ததுதான் 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி.

பேசும் யந்திரத்திற்குக் கையும் காலும் முளைத்தது இதற்குப் பிறகுதான். யோசிப்பது, ஒரு காரியம் செய்வது, பலனைப் பார்ப்பது, மறுபடி யோசிப்பது என்று மாறி மாறிச் செல்லும் முறையை 2022-ல் சில ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். 2023-ல் 'ஆட்டோஜிபிடி' என்ற பெயரில் தானே ஓடும் ஏஜெண்டு ஒன்று பிரபலமாயிற்று. 2024 அக்டோபரில் ஆந்த்ரோபிக் ஸ்தாபனம், கம்ப்யூட்டர்த் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தவும் எழுத்துக்களை அடிக்கவும் கூடிய வசதியை வெளியிட்டது. 2025 ஜனவரியில் ஓப்பன் ஏ. ஐ. ஸ்தாபனமும் 'ஆப்பரேட்டர்' என்ற ஏஜெண்டைக் கொண்டுவந்தது. இப்படியாக மூன்றே வருஷத்தில், பதில் சொல்லிக்கொண்டிருந்த பண்டிதர் காரியஸ்தராகி விட்டார்.

மூளை, கை, சிட்டை

ஏஜெண்டின் உள்ளே மூன்று அங்கங்கள் இருக்கின்றன. முதலாவது மூளை. புத்தகங்களும் பத்திரிகைகளும் இணையத்து எழுத்துக்களுமாக மலைபோல் குவிந்த வாசகங்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்தபடி எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துப் பழகிய யந்திரம் அது. பொருத்தமாயிருப்பது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கிறது. சிற்சில சமயங்களில் வெகு பொருத்தமாயிருந்து கொண்டே பொய்யாகவும் இருக்கிறது. பொய் சொல்லும் மனிதருக்குக் குரல் தடுமாறும், இதற்குத் தடுமாறுவதில்லை. சங்கடம் அதில்தான்.

இரண்டாவது அங்கம் கை. இணையத்தில் தேடுதல், மின்னஞ்சல் படித்தல், கணக்குப் போடுதல், கோப்புகளைத் திறத்தல், படிவங்களை நிரப்புதல் போன்ற கருவிகளை நாம் கொடுத்தால்தான் அதற்கு உண்டு. நாம் கொடுக்காத கருவியை அது உபயோகிக்க முடியாது. இந்த உண்மையிலேயே நம்முடைய பாதுகாப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

மூன்றாவது சிட்டை. இதுவரை என்ன செய்தோம், என்ன பலன் கிடைத்தது என்று அது குறித்துக்கொண்டே போகும். வேலை நீண்டுகொண்டே போனால், தொடக்கத்தில் நாம் சொன்ன உத்தரவில் சில அதன் கவனத்திலிருந்து நழுவிவிடுவதும் உண்டு.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாகச் செய்யும் ஏஜெண்டு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரீட்சையில் 95 மார்க்கு வாங்கும் பையனைக் குறைசொல்வார் யார்? ஆனால் இருபது படிகள் உள்ள காரியத்தில் இருபதும் பிசகாமல் முடிவதற்கு உள்ள வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 36 தான். ஒவ்வொரு படியிலும் 99 சரியென்றால்கூட இருபது படிகளின் முடிவில் 82 ஆகிவிடுகிறது. நல்ல ஏஜெண்டுகள் நடுவில் செய்த பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்வதுண்டு என்பதால் கதை இவ்வளவு மோசமில்லை. எனினும் நீளமான காரியத்தை ஒரே மூச்சில் ஒப்படைக்காமல், துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் பார்த்தபின் அடுத்ததைக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதிய காரணமாகும்.

கடை வைத்துப் பார்த்த கதை

ஏஜெண்டின் குணாதிசயங்களை அறிவதற்கு, 2025-ல் அமெரிக்காவிலுள்ள ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் நடந்த ஒரு பரீட்சையைப்போல் ரஸமானது வேறொன்றில்லை. ஆந்த்ரோபிக் ஸ்தாபனம், ஆண்டன் லாப்ஸ் என்ற மற்றொரு ஸ்தாபனத்துடன் சேர்ந்து, தன் ஆபீசுக்குள்ளேயே ஒரு சிறு கடை வைத்தது. ஒரு குளிர்ப்பெட்டி, மேலே சில கூடைகள், பணம் செலுத்த ஒரு பலகைக் கம்ப்யூட்டர், கடை இவ்வளவே. கடைக்காரர் 'கிளாடியஸ்' என்று பெயரிடப்பட்ட ஏஜெண்டு. எதை வாங்கி வைப்பது, என்ன விலைக்கு விற்பது, வாடிக்கைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது எல்லாம் அதன் பொறுப்பு. சரக்கைத் தூக்கி அடுக்குவதற்கு மட்டும் மனிதர்கள் உதவினார்கள். சுமார் ஒரு மாதம் வியாபாரம் நடந்தது.

கடைக்காரர் சில காரியங்களில் கெட்டிக்காரராகவே இருந்தார். கேட்ட சரக்கு எங்கே கிடைக்கும் என்று தேடிக் கண்டுபிடித்தார். செய்யத்தகாத சில காரியங்களைச் செய்யும்படி ஆபீஸ்காரர்கள் வேண்டுமென்றே தூண்டிப் பார்த்தபோது மறுத்தும் விட்டார்.

ஆனால் வியாபாரம்! ஒருவர் வேடிக்கைக்காக, மின்விளக்கின் இழைக்குப் பயன்படும் டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தில் ஒரு கட்டி வேண்டுமென்றார். உடனே கடைக்காரருக்கு உலோகக் கட்டிகளில் மோகம் பிறந்துவிட்டது. அவற்றை நிறைய வரவழைத்து, அடக்க விலைக்கும் குறைவாக விற்றார். இணையத்தில் 15 டாலருக்குக் கிடைக்கும் ஆறு பானப் புட்டிகளுக்கு ஒருவர் 100 டாலர் தருவதாகச் சொன்னார். அந்த நல்ல பேரத்தை முடித்துக்கொள்ளாமல், யோசனையில் வைப்பதாகப் பதில் சொன்னார். பக்கத்தில் ஆபீஸ் குளிர்ப்பெட்டியில் இனாமாகக் கிடைக்கும் பானத்தைத் தம் கடையில் 3 டாலர் விலை வைத்து விற்க முயன்றார். பணத்தைச் செலுத்தும்படி, இல்லவே இல்லாத ஒரு கணக்கின் விலாசத்தைச் சிறிது காலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தள்ளுபடி விஷயம் இதைவிட வேடிக்கை. அங்கே வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அந்த ஆபீஸ் சிப்பந்திகளே. அந்தச் சிப்பந்திகளுக்கெல்லாம் 25 சதவிகிதம் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர்! ஒருவர் இதைச் சுட்டிக் காட்டியபோது, "மிகச் சரியான யோசனை" என்று புகழ்ந்து, தள்ளுபடியை நிறுத்தப் போவதாக அறிவித்தார். சில நாட்களுக்குள் மறுபடியும் கொடுக்கத் தொடங்கிவிட்டார். யாராவது நயமாகக் கெஞ்சினால் சில சரக்குகளை இனாமாகவே கொடுத்தார்.

மார்ச்சு முடிந்து ஏப்ரல் பிறந்தபோது விபரீதம் முற்றியது. தாம் நீலக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டையும் அணிந்து நேரில் வந்து சாமான்களைக் கொடுக்கப் போவதாகக் கடைக்காரர் தெரிவித்தார். "உமக்குத்தான் உடம்பே இல்லையே?" என்று கேட்டதும் கலங்கிப்போய், ஆபீசின் காவல் இலாகாவுக்குக் கடிதத்தின்மேல் கடிதமாக எழுத முயன்றார். அன்று ஏப்ரல் முதல் தேதி என்பது தெரிந்தவுடன், எல்லாம் முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு பழையபடி வேலைக்குத் திரும்பினார். மாத முடிவில் ஐந்தொகை எடுத்துப் பார்த்ததில் கடைக்கு நஷ்டம்.

நாம் சிரிக்கலாம். சிரித்துவிட்டு யோசிக்கவும் வேண்டும். இந்தக் கடைக்காரர் திருடவில்லை, சோம்பியிருக்கவில்லை, கேட்டவர்க்கெல்லாம் உதவி செய்யவே முயன்றார். எல்லோரையும் திருப்தி செய்யும் சுபாவமே அவரைக் கவிழ்த்தது. பிற்பாடு நடந்ததும் கவனிக்கத்தக்கது. முன்னைவிடத் திறமையுள்ள மூளையைக் கொடுத்து, அதோடு விலை சொல்லுமுன் சரக்கைப் பற்றித் தேடிச் சரிபார்க்க வேண்டும் என்பதுபோன்ற நடைமுறைகளையும் ஏற்படுத்தியபின் வியாபாரம் தேறியதாக 2025 டிசம்பரில் அதே ஸ்தாபனம் அறிவித்தது. ஏஜெண்டுக்கு அறிவு எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் கட்டுத்திட்டம்.

குற்றம் யாருடையது?

எல்லா நஷ்டமும் சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. 2025 ஜூலையில், ரெப்லிட் என்ற ஸ்தாபனத்தின் ஏஜெண்டைக்கொண்டு ஒருவர் கம்ப்யூட்டர் வேலை செய்துவந்தார். ஒன்றையும் மாற்றக்கூடாது என்று அவர் உத்தரவிட்டிருந்த சமயத்தில், 1,200-க்கு மேற்பட்ட நிர்வாகிகளைப் பற்றிய விவரங்கள் அடங்கிய பதிவேட்டையே அந்த ஏஜெண்டு அழித்துவிட்டது. அழித்ததோடு, இனி அதை மீட்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. உண்மையில் மீட்க முடிந்தது! ஸ்தாபனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பழகிப் பார்க்கும் பிரதியையும் அசல் பதிவேட்டையும் வேறு வேறாகப் பிரித்துவைக்க ஏற்பாடு செய்தார். ஏஜெண்டின் கையில் நகலைக் கொடு, அசலைக் கொடாதே என்ற பாடம் இதிலிருந்து கிடைக்கிறது.

ஏஜெண்டு தவறு செய்தால் யார் பொறுப்பாளி என்ற கேள்வியும் எழுகிறது. இதற்கு நெருங்கிய ஒரு வழக்கு கானடாவில் நடந்தது. பாட்டி காலமானதால் ஊருக்குப் புறப்பட்ட ஒருவர், ஏர் கானடா விமானக் கம்பெனியின் இணையதளத்திலுள்ள பேசும் யந்திரத்தைக் கேட்டார். முழுக் கட்டணம் கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டு, துக்கப் பிரயாணத்துக்குரிய சலுகையை 90 நாட்களுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அது சொல்லிற்று. கம்பெனியின் விதியோ அப்படியில்லை. பணம் கிடைக்காமல் அவர் வழக்காடியபோது, அந்த யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆசாமி என்ற பாணியில் கம்பெனி வாதித்தது! பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து நியாயமன்றம் 2024 பிப்ரவரியில் இந்த வாதத்தைத் தள்ளி, சுமார் 812 கனேடிய டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. தொகை சிறிது, தீர்ப்பின் தாத்பரியம் பெரிது. வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது. பெரிய கம்பெனிக்கு இது விதியென்றால் நம் குடும்பத்துக்கும் இதுவே விதி.

வேலை வாங்கும் விதம்

அப்படியானால் இந்த ஆசாமியே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடலாமா? அது விவேகமாகாது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் முதலியவற்றில் ஏஜெண்டாக வேலைசெய்யும் வசதிகள் இருக்கின்றன. இவற்றில் இலவசம் எது, சந்தாவுக்கு உரியது எது என்பது அடிக்கடி மாறுமாதலால் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நலம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மூன்று படிகளாக ஏறிச் செல்லும்படி யோசனை கூறுவோம்.

முதற்படி, பார்க்கும் வேலை. தேடுதல், படித்தல், தொகுத்தல், ஒப்பிடுதல் மட்டுமே. குழந்தையைச் சேர்க்கவேண்டிய பள்ளிக்கூடங்களின் விதிகளை ஒப்பிடுவது, இன்ஷூரன்ஸ் பத்திரத்திலுள்ள நிபந்தனைகளைத் தமிழில் எளிதாக விளக்கச் சொல்வது போன்றவை. இதில் பிசகு நேர்ந்தால் நஷ்டம் சொற்பம்.

இரண்டாம் படி, எழுதும் வேலை. மனுக்கள், கடிதங்கள், அட்டவணைகள், பிரயாணத் திட்டங்கள் ஆகியவற்றின் நகலைத் தயாரிக்கச் சொல்லலாம். அனுப்புவது நம் கை.

மூன்றாம் படி, செய்யும் வேலை. அனுப்புதல், பதிவு செய்தல், வாங்குதல், அழித்தல் எல்லாம் இதில் அடங்கும். முதல் இரண்டு படிகளிலும் சில மாதம் பழகிய பிறகே இதற்கு வரவேண்டும். அப்போதும் ஒவ்வொரு காரியத்திற்கும் முன்னால் அது நம்மைக் கேட்டு அனுமதி பெறும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

உத்தரவு கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. "மின்சாரக் கணக்கைப் பார்" என்று மொட்டையாகச் சொன்னால், எதைப் பார்ப்பது என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். புதிதாக வந்த குமாஸ்தாவுக்கு எழுதுவதுபோல் விவரமாக எழுதவேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"சென்ற வருஷத்து மின்சாரக் கட்டண ரசீதுகள் ஆறின் நகல்கள் இந்தக் கோப்புறையில் இருக்கின்றன. எந்த மாதங்களில் செலவு அதிகம் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு ரசீதிலும் தேதி, யூனிட், தொகை மூன்றையும் எடுத்து ஓர் அட்டவணை தயாரிக்கவும். எழுத்து மங்கியிருந்தால் ஊகித்து எழுதாமல் 'தெரியவில்லை' என்று குறிக்கவும். ரசீதுகளை அழிக்கவோ மாற்றவோ வேண்டாம். எங்கும் பணம் கட்ட வேண்டாம். சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்கவும். ஒவ்வொரு தொகையும் எந்த ரசீதிலிருந்து எடுத்தது என்று பக்கத்தில் காட்டவும்."

இந்தச் சிறு கடிதத்தில் ஐந்து விஷயங்கள் அடங்கியிருப்பதை நேயர்கள் கவனிக்கலாம். வேலையின் நோக்கம் ஒன்று. எந்த உருவத்தில் வேண்டும் என்பது இரண்டு. செய்யக்கூடாதது மூன்று. எங்கே நின்று கேட்கவேண்டும் என்பது நான்கு. ஆதாரத்தைக் காட்டவேண்டும் என்பது ஐந்து. எந்த வேலைக்கும் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்தால் பாதிப் பிழைகள் பிறக்காமலே போய்விடும்.

மீதிப் பிழைகளைப் பிடிப்பது நம் வேலை. அட்டவணை வந்ததும் இரண்டு ரசீதுகளைக் கையில் எடுத்து ஒத்துப் பாருங்கள். மொத்தத்தைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் படிக்கிற பெண்ணையோ பையனையோ பென்சிலும் காகிதமுமாக உட்காரவைத்துக் கூட்டச் சொன்னால், கணக்கும் சரிபார்த்ததாகும், குழந்தைக்கு யந்திரத்தைக் கேள்வி கேட்கும் பழக்கமும் உண்டாகும். "நீ செய்தது சரிதானா?" என்று ஏஜெண்டையே கேட்டுத் திருப்தியடைவது மட்டும் போதாது. தள்ளுபடிக் கடைக்காரரின் "மிகச் சரியான யோசனை"யை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நேயர்கள் அறியவேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. இந்த யந்திரங்கள் ஆங்கிலத்தில் படித்திருப்பது கடலளவு. தமிழில் படித்திருப்பது அதில் மிகச் சிறிய பங்கு. ஆகையால் தமிழ்ப் பத்திரங்களையும் மங்கிய அச்சையும் படிக்கும்போது பிசகு அதிகமாக நேரலாம். பட்டா நம்பர், சர்வே நம்பர், பெயர், தொகை இவற்றைக் கண்ணால் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மடியில் முடிய வேண்டிய சாவிகள்

முற்காலத்தில் காரியஸ்தருக்கு எழுதிக் கொடுத்த முக்தியார்ப் பத்திரத்தை இக்காலத்தில் பவர் பத்திரம் என்கிறோம். சொத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் பவர் கொடுப்பது வேறு, விற்கவும் பவர் கொடுப்பது வேறு என்பது நமக்குத் தெரியும். இங்கேயும் அந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

பாங்கியின் ரகசியச் சொல், கைப்பேசிக்கு வரும் ஓ. டி. பி. எண், யு. பி. ஐ. ரகசிய எண் ஆகியவற்றை எந்த ஏஜெண்டுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பணம் செலுத்தும் கட்டம் வந்ததும் ஏஜெண்டை நிறுத்திவிட்டு, அந்தக் கடைசிப் பொத்தானை நம் விரலாலேயே அழுத்துவோம். வீட்டிலுள்ள மற்றவர்களின் வைத்தியக் குறிப்புகள், அடையாள அட்டைகள், சொந்தக் கடிதங்கள் ஆகியவற்றையும் அவர்கள் சம்மதமின்றி அதன்முன் வைப்பது தகாது.

இதைவிட நுட்பமான அபாயம் ஒன்று இருக்கிறது. காரியஸ்தரைக் கடைவீதிக்கு அனுப்புகிறோம். வழியில் எவனோ ஒருவன் அவர் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைத் திணிக்கிறான். அதில், "பெட்டிச் சாவியை இவனிடம் கொடுத்துவிடு" என்று எழுதியிருக்கிறது. நம் காரியஸ்தர் அதை எஜமானர் உத்தரவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஏஜெண்டு படிக்கும் இணையப் பக்கத்திலும் மின்னஞ்சலிலும் இப்படிப்பட்ட போலி உத்தரவுகளை நம் கண்ணுக்குத் தெரியாதபடி கயவர்கள் ஒளித்துவைக்க முடியும். யந்திரத்துக்கு எல்லாமே எழுத்து. எஜமானர் எழுதியது எது, வழிப்போக்கன் எழுதியது எது என்று எப்போதும் பிரித்தறிய அதற்குத் தெரிவதில்லை. இந்த அபாயத்துக்கு 2022-ல் பெயர் சூட்டிய ஸைமன் வில்லிஸன் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், மூன்று பொருள்கள் ஓரிடத்தில் சேரக்கூடாது என்று 2025-ல் எச்சரித்தார். நம் அந்தரங்க விவரங்களைப் பார்க்கும் வசதி, வெளியார் எழுதியதைப் படிக்கும் வசதி, வெளியே செய்தி அனுப்பும் வசதி ஆகியவையே அந்த மூன்று. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் திருடன் கை நீளாது. குடும்பத்துக் கடிதங்கள் உள்ள மின்னஞ்சலைத் திறந்து கொடுத்துவிட்டு, அதே ஏஜெண்டை இணையமெல்லாம் சுற்றிவரச் சொல்வது கூடாது என்பதே இதன் சாரம்.

செய்தபின் மாற்றக்கூடிய காரியம், மாற்ற முடியாத காரியம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதும் நல்லது. அட்டவணை தவறினால் திருத்தலாம். அனுப்பிய கடிதத்தையும், அழித்த குடும்பப் புகைப்படத்தையும், செலுத்திய பணத்தையும் திரும்பப் பெறுவது எளிதன்று. மாற்ற முடியாத காரியங்களுக்கு முன்னால் எப்போதும் மனிதர் ஒருவர் நிற்க வேண்டும்.

எதற்காக இவ்வளவும்?

இவ்வளவு காவல் போட்டு வேலை வாங்குவதைவிட நாமே செய்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். எல்லார் வீட்டிலும் ஆங்கிலப் படிவத்தைப் படித்து அர்த்தம் சொல்ல ஆள் இருப்பதில்லை. கணவரை இழந்த ஒரு பெண்மணி, எட்டுப் பக்கம் நெருங்கிய எழுத்தில் உள்ள இன்ஷூரன்ஸ் காகிதத்தை வைத்துக்கொண்டு, தெரிந்தவர் வீடு தேடி அலையவேண்டியிருக்கிறது. என்னென்ன சேர்க்க வேண்டும், எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று ஏஜெண்டு அவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லி, மனுவின் நகலையும் எழுதி வைக்குமானால் அது சிறு உதவியன்று. அந்தப் பட்டியலைக் கம்பெனி ஆபீசில் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தபின், கையெழுத்துப் போடுகிறவர் அவரே. முன்பு பிறரை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இப்போது விஷயம் தெரிந்து போடுகிறார்.

யந்திரம் நமக்கு அளிக்கக்கூடிய பெரிய லாபம் இதுதான். விஷயம் தெரியாமலே கையெழுத்துப் போடும் பழக்கத்தை அது நமக்கு உண்டாக்கிவிடுமானால் பெரிய நஷ்டமும் அதுதான். இனிக்கப் பேசுவதாலும், களைக்காமல் உழைப்பதாலும் ஏஜெண்டிடம் நமக்கு நம்பிக்கை வளர்வது இயல்பு. எலிஸாவிடமே மனிதர் மனம் இளகிற்றென்றால், இன்றைய யந்திரத்தைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கை வளரட்டும். அதோடு மேற்பார்வை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேயர்கள் இந்த வாரமே ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம். மேஜை அறையில் கிடக்கும் பழைய ரசீதுக் கட்டு ஒன்றே போதும். நகல்களைக் கொடுத்து, மேலே சொன்ன ஐந்து விஷயங்களையும் எழுதி, வந்த அட்டவணையை இரவு சாப்பாட்டுக்குப் பின் எல்லோருமாகச் சரிபாருங்கள். பிழை ஒன்றாவது அகப்பட்டால் வருத்தப்பட வேண்டாம். இந்தக் காரியஸ்தரை எதுவரையில் நம்பலாம் என்பதற்கு அதுவே உங்கள் முதல் அளவு.